ஸாங்கீஃப் – கைல் மேட்ச்-அப்: போட்டிக் காணொளிகளை எப்படிப் பார்த்தால் பயன் கிடைக்கும்?

கேள்வி (இரும்புச்சூறாவளி)

வணக்கம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேம் வெளிவந்த 2023 ஜூன் முதலே ஸாங்கீஃப் என்ற பாத்திரத்தை மட்டும் வைத்து ஆடி வருகிறேன். பிளாட்டினம் நிலையைத் தாண்ட முடியவில்லை. மற்ற பாத்திரங்களிடம் தோற்றால் எதனால் தோற்றேன் என்றாவது புரிகிறது. கைலிடம் தோற்கும்போது அதுகூடப் புரிவதில்லை.

மேல்நிலை ஆட்டக்காரர்களின் ஆட்டங்களைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னதால், கடந்த மூன்று மாதங்களாக இந்த மேட்ச்-அப் (இந்த இரு பாத்திரங்களும் மோதும் ஆட்டம்) இடம்பெறும் காணொளிகளைத் தேடித் தேடிப் பார்த்து, ஒரு நோட்டில் குறிப்பும் எழுதி வந்திருக்கிறேன். நேற்று அந்த நோட்டைப் புரட்டியபோதுதான் எனக்கே உறைத்தது. "பூமை பாரி செய்ய வேண்டும்", "அவசரப்படாமல் முன்னேற வேண்டும்", "மூலைக்குத் தள்ளிவிட்டால் பாதி வெற்றி" என்ற அளவில்தான் எல்லாக் குறிப்புகளும் இருக்கின்றன. (பூம் என்பது கைல் தூரத்திலிருந்து ஏவும் சோனிக் பூம் என்ற அடி; பாரி என்பது வரும் அடியைச் சேதமின்றி அடக்கும் தற்காப்பு.) இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் ஒரு காணொளிகூடப் பார்க்காமலே இவற்றை எழுதியிருக்க முடியும்.

என் ஆட்டத்தில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான்: கைல் மெதுவான சோனிக் பூம் ஒன்றை விடுகிறார். நான் டிரைவ் பாரியைப் பிடிக்கிறேன். பூம் அடங்குகிறது, ஆனால் அதன் பின்னாலேயே நடந்து வந்த கைல் என்னைப் பிடித்து எறிந்துவிடுகிறார். பாரியில் இருக்கும்போது பிடிபட்டால் சேதமும் வழக்கத்தைவிட அதிகம். காணொளியில் வரும் ஸாங்கீஃப் அதே பூமை, என் கண்ணுக்கு அதே தூரமாகத் தோன்றும் இடத்திலிருந்து, அதே போல பாரி செய்கிறார். அவருக்கு ஒன்றும் ஆவதில்லை.

காணொளியில் நான் எதைப் பார்க்கத் தவறுகிறேன்? ஓர் ஆட்டக்காரர் செய்வது இந்த மேட்ச்-அப்பிற்கு உரிய பதிலா, அல்லது அவருடைய தனிப்பட்ட பாணியா என்பதை எப்படிப் பிரித்தறிவது?

பதில் 1 (மூலைவாசி)

உங்கள் குறிப்புகள் மூன்றுமே ஸாங்கீஃபைப் பற்றியவை என்பதைக் கவனித்தீர்களா? மூன்று மாதங்களாக உங்கள் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். உங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். எந்த நொடியில் எதிராளியின் கைவசம் எது இல்லை என்பதுதான் தெரியவில்லை. மேட்ச்-அப் அறிவில் பெரும்பகுதி அதுதான் என்பது என் கருத்து.

கைலை எடுத்துக்கொள்ளுங்கள். பூம் விட வேண்டுமானால் அவர் சிறிது நேரம் பின்திசையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஃப்ளாஷ் கிக் என்ற மேல்நோக்கிய உதைக்குக் கீழ்த்திசையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பின்-கீழ்த்திசையில் குந்தியிருக்கும் கைலுக்கு இரண்டு சார்ஜும் (அழுத்திப் பிடிப்பதால் சேரும் தயார்நிலை) ஒருசேர ஏறுகின்றன. அதனால்தான் அவர் எப்போதும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் பூமின் பின்னால் முன்னோக்கி நடக்கத் தொடங்கிய கணத்தில் அவர் இரண்டையுமே இழந்துவிடுகிறார். அப்போது அவரால் அடுத்த பூமை விட முடியாது. நீங்கள் குதித்தால் ஃப்ளாஷ் கிக்கால் அடித்து வீழ்த்தவும் முடியாது. சாதாரண அடிகள், பிடி போன்ற சார்ஜ் தேவைப்படாத அசைவுகள்தான் அவரிடம் மிச்சம்.

ஆகவே உங்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பூம் உண்மையில் இரண்டு வகை: குந்தியபடியே இருக்கும் கைல் விட்ட பூம் ஒன்று, நடந்து வரப்போகும் கைல் விட்ட பூம் மற்றொன்று. முதலாவதை பாரி செய்தால் டிரைவ் கேஜ் (பாரி போன்ற டிரைவ் அசைவுகளுக்குச் செலவாகும் அளவுமானி) நிரம்பும், ஆபத்தும் இல்லை. இரண்டாவதை பாரி செய்துகொண்டு நின்றால் நீங்கள் விவரித்த கதிதான். காணொளியில் தப்பித்த ஸாங்கீஃப் அநேகமாக முதல் வகைக்குத்தான் பாரி செய்திருப்பார். இரண்டாம் வகைக்கு அவர் பாரியைத் தொடாமல் நின்ற இடத்திலேயே மேலே குதித்திருப்பார், அல்லது பிளாக் செய்துவிட்டுப் பிடியை எதிர்பார்த்துக் காத்திருப்பார். திரையில் எதுவும் நடக்காததுபோல் தோன்றும் அந்தக் கணங்கள் உங்கள் நோட்டில் ஏறவில்லை.

செய்முறையாகச் சொன்னால், அடுத்த காணொளியில் ஒலியை நிறுத்திவிடுங்கள். வர்ணனையாளர் பரபரப்பான இடத்தைச் சொல்வாரே தவிர, உங்களுக்கு வேண்டிய இடத்தைச் சொல்ல மாட்டார். ஸாங்கீஃப் இருக்கும் பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, கைலின் கால்களை மட்டும் பாருங்கள். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் நான் இன்றும் செய்வது இதைத்தான். பூம் கையை விட்டு வெளியேறும் கணத்தில் நிறுத்தி, அடுத்து அவர் நடப்பாரா, குந்துவாரா, பின்வாங்குவாரா என்று ஊகித்துவிட்டு, பிறகு ஓட்டுங்கள். ஊகம் தவறினால் மட்டும் குறித்து வையுங்கள். அப்போது தூரம் எவ்வளவு, இருவரின் டிரைவ் கேஜ் எவ்வளவு, யார் மூலைக்கு அருகில் இருந்தார் என்பவையே போதும். இருபது பூம்கள் சேர்வதற்கு மூன்று நான்கு ஆட்டங்களுக்கு மேல் தேவைப்படாது. காம்போ (தொடர் அடி) வரும் இடங்களைத் தள்ளிவிட்டு ஓட்டுங்கள்.

பதில் 2 (அறுபதில் ஒன்று)

மூலைவாசி சொன்னதோடு எனக்கு உடன்பாடே. ஆனால் கால்களைப் பார்க்க வேண்டுமானால் முதலில் காணொளி அதற்குத் தகுதியானதாக இருக்க வேண்டும். ஆட்டம் வினாடிக்கு 60 ஃப்ரேம் (தனிப்படம்) வேகத்தில் ஓடுகிறது. 30 ஃப்ரேம் காணொளியில் ஒன்றுவிட்டு ஒரு ஃப்ரேம் காணாமல் போய்விடுகிறது. யூடியூபில் பார்ப்பவராக இருந்தால் தரத்தை 60 ஃப்ரேம் கொண்டதாக மாற்றிக்கொண்டு, காணொளியை நிறுத்தியபின் விசைப்பலகையில் காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் அழுத்துங்கள். காற்புள்ளி ஒரு ஃப்ரேம் பின்னால் கொண்டுபோகும், முற்றுப்புள்ளி ஒரு ஃப்ரேம் முன்னால் கொண்டுபோகும்.

அதைவிட மேலானது ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் ரீப்ளே. இரண்டு பாத்திரங்களையும் தரநிலையையும் கொடுத்துத் தேடினால், உங்களுக்கு வேண்டிய மேட்ச்-அப் மட்டும் வந்து நிற்கும். அதில் இருவரின் விசை உள்ளீட்டையும் திரையில் காட்டச் செய்யலாம். கைல் எப்போது பின்திசையைப் பிடிக்கத் தொடங்கினார், எப்போது விட்டார் என்பதை அம்புக்குறியிலேயே படித்துவிடலாம். கால்களைப் பார்த்து ஊகித்தது சரிதானா என்று அங்கே சரிபார்க்கலாம். சமநிலைத் திருத்தம் (பாத்திரங்களின் பலத்தை மாற்றும் புதுப்பிப்பு) வந்துவிட்டால் பழைய ரீப்ளேக்கள் ஓடாது என்பதுதான் இதிலுள்ள குறை. காணொளிகள் ஓடும், ஆனால் அதுவே வேறொரு பொறி. 2024 மே 22 அன்று அகுமா என்ற புதிய பாத்திரத்தோடு வந்த திருத்தம் ஏறக்குறைய எல்லாப் பாத்திரங்களையும் தொட்டது. அதன் பிறகும் திருத்தங்கள் வந்துள்ளன. ஆகவே காணொளியின் தேதியைப் பார்க்காமல் எந்த முடிவையும் நோட்டில் எழுதாதீர்கள்.

மேட்ச்-அப்பா, தனிப்பட்ட பாணியா என்ற உங்கள் கேள்விக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. மூன்று வெவ்வேறு ஸாங்கீஃப்கள் மூன்று வெவ்வேறு கைல்களிடம் ஒரே இடத்தில் ஒரே பதிலைத் தந்தால், அது மேட்ச்-அப்பிற்கு உரியது. ஒருவர் மட்டும், ஒரே எதிராளியிடம் மட்டும் தந்தால், அது அந்த இருவருக்கும் இடையிலான கணக்கு. போட்டிகளில் இரண்டு அல்லது மூன்று ஆட்டம் வென்றாலே முடிந்துவிடுவதால் இந்தக் கணக்கு தெரிவதற்குள் ஆட்டம் ஓய்ந்துவிடும். பத்து வெற்றி வரை ஆடும் நீண்ட தொடர்களைத் தேடுங்கள். நான்காம் ஆட்டத்தில் பலித்த ஒரு தந்திரம் ஏழாம் ஆட்டத்தில் ஏன் பலிக்கவில்லை என்பதில் ஒரு மாதப் பாடம் இருக்கிறது.

இன்னொன்று: மேல்நிலை ஆட்டக்காரர் கண்ணால் பார்த்துப் பதில் சொன்னதுபோல் தெரியும் பலவும் முன்கூட்டியே எதிர்பார்த்துச் செய்தவை. டிரைவ் இம்பாக்ட் என்ற பலத்த அடி வெளிப்பட 26 ஃப்ரேம், அதாவது 0.43 வினாடி, அதைப் பார்த்தபின் பதில் தருவது பழகினால் கைகூடும். அதில் பாதி நேரமே உள்ள ஓர் அடியைப் பார்த்தபின் யாராலும் பதில் தர முடியாது. இதற்கு எல்லோரும் அறிந்த சான்று எவோ என்ற சண்டை ஆட்டப் போட்டியில் 2004-இல், பழைய ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஒன்றில், டைகோ உமெஹாரா என்ற ஆட்டக்காரர், எதிராளி ஜஸ்டின் வாங் ஆடிய சுன்-லி பாத்திரம் விட்ட சூப்பர் அடியின் பதினைந்து தாக்குகளையும் பாரி செய்த காட்சி. பார்ப்பவர்கள் பதினைந்தை எண்ணுகிறார்கள். கற்க வேண்டியதோ முதலாவது பாரி. டைகோவின் கென்னுக்கு உயிர் ஒரு கீற்றாக மட்டுமே இருந்தது. பிளாக் செய்தாலும் கசியும் சிறு சேதத்திலேயே (சிப் சேதம்) சாவு உறுதி. எதிராளிக்கும் அது தெரியும் என்பதால் அந்தச் சூப்பர் வரும் என்பதை எதிர்பார்த்தே அவர் நின்றார். (அந்த ஆண்டு கோப்பையை வென்றவர் டைகோ அல்லர் என்பது பலருக்கும் நினைவில் இருப்பதில்லை.)

இரும்புச்சூறாவளி

இருவருக்கும் நன்றி. உள்ளங்கையால் மறைத்துப் பார்க்கும் முறையில் முதல் நாள் எனக்கு எரிச்சல்தான் மிஞ்சியது. ஊகித்ததில் பாதிக்கு மேல் தவறு. இரண்டாம் நாள் கைலின் கால்களைவிட நிலை எளிதில் கண்ணில் பட்டது: நடக்கப்போகும் கைல் பூம் விட்டதும் எழுந்து நிற்கிறார், நடக்காதவர் உடனே குந்துகிறார். இவ்வளவு வெளிப்படையான ஒன்றை மூன்று மாதங்களாகப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

பிறகு நான் தோற்ற எட்டு ஆட்டங்களின் ரீப்ளேக்களை விசை உள்ளீட்டோடு ஓட்டிப் பார்த்தேன். நடுத்தூரத்தில் வந்த மெதுவான பூம்கள் 19. அவற்றில் 14-க்கு நான் பாரியைத்தான் அழுத்தியிருக்கிறேன். கைல் நின்றாரா, குந்தினாரா என்ற வேறுபாடே இல்லை. பூம் அடங்கிய பிறகும் பாரியை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன். எதிராளிகள் எனக்கு வலை விரித்ததாக நினைத்திருந்தேன். அவர்கள் வெறுமனே நடந்து வந்திருக்கிறார்கள்.

இப்போதைய சிக்கல் வேறு. காணொளியில் பார்த்தால் தெரிகிறது. ஆட்டத்தில் பூம் வரும்போது கை தானாக பாரிக்குப் போய்விடுகிறது. இதை எப்படி மாற்றுவது?

பதில் 3 (பின்கீழ்க்காரன்)

நான் எதிர்ப்பக்கத்தில் இருப்பவன்; ஆண்டுக்கணக்காகக் கைல்தான் ஆடுகிறேன். ஸாங்கீஃபோடு ஆடும்போது என் மனத்தில் ஓடுவதைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படலாம்.

முதல் மெதுவான பூமை நான் சேதத்துக்காக விடுவதில்லை. எதிராளி எதை அழுத்துகிறார் என்று பார்ப்பதற்கே விடுகிறேன். பாரி வந்தால் அடுத்ததன் பின்னால் நடப்பேன். குதித்தால் அடுத்த பூமை ஏவிவிட்டுக் குந்திக் காத்திருப்பேன். எல்லாவற்றையும் பிளாக் செய்தால் அதுவும் எனக்கு மகிழ்ச்சிதான், ஏனெனில் பிளாக் செய்யச் செய்ய டிரைவ் கேஜ் குறைந்து பர்ன்-அவுட்டில், அதாவது கேஜ் காலியான நிலையில், வந்து நிற்பார். அதன் பிறகு ஒவ்வொரு பூமும் சிப் சேதம் தரும், மூலையில் என் டிரைவ் இம்பாக்ட் பட்டால் மயங்கி நிற்பார். எனக்குக் கைநடுக்கம் தருபவர் ஒருவர்தான்: கேஜை நிறைத்து வைத்துக்கொண்டு, நான் நடந்தால் மட்டும் ஏதாவது செய்து, நான் குந்தினால் இரண்டடி முன்னேறி நின்றுகொள்பவர். ஸாங்கீஃபின் உயிர் 11000, என்னுடையது 10000. அவர் ஒருமுறை என்னைத் தொட்டுவிட்டால் நான் ஐந்தாறு முறை சரியாகச் செய்தவை அழிந்துவிடும். அந்தக் கணக்கு எனக்கும் அச்சம் தருவது என்பதைப் பல ஸாங்கீஃப்கள் மறந்துவிடுகிறார்கள். ஒரு சிறு திருத்தம்: நடந்து வரும்போது எனக்கு ஃப்ளாஷ் கிக் இல்லை என்பது சரி, ஆனால் குந்திய நிலையில் கனமான குத்து இருக்கிறது, நீங்கள் முன்னோக்கிக் குதிப்பதைச் சீரான தாளத்தில் செய்தால் அதற்கே இரையாவீர்கள்.

கையை மாற்றுவதற்கு டிரெய்னிங் மோடில் கைலை வைத்து மூன்று பதிவுகள் செய்யுங்கள். முதலாவதில் மெதுவான பூம் விட்டுக் குந்துங்கள். இரண்டாவதில் அதே பூமை விட்டு நடந்து வந்து பிடியுங்கள். மூன்றாவதில் வேகமான பூம். மூன்றையும் கலைத்து ஓட விடுங்கள். முதல் நாள் எந்தப் பதிலும் தராமல், பிளாக் மட்டும் செய்தபடி "நின்றார்", "குந்தினார்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். வாய் தடுமாறாத பிறகு கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டெக்கன் 8 என்ற சண்டை ஆட்டத்தில் வேறொரு வசதியும் உண்டு. சொந்த ரீப்ளேயை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நடுவில் கட்டுப்பாட்டை எடுத்து ஆடிப் பார்க்கலாம்.

பதிவு எவ்வளவு செய்தாலும் பொம்மை உங்களைப் படிக்காது, நான் படிப்பேன். வரும் சனிக்கிழமை இரவு தனி அறை திறக்கிறேன். பத்து வெற்றி வரை ஆடுவோம். முடிந்ததும் ரீப்ளேயை நீங்கள் என் பக்கத்திலிருந்து பாருங்கள், நான் உங்கள் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

இரும்புச்சூறாவளி

வருகிறேன். வீட்டில் தனியாக உட்கார்ந்து "குந்தினார், குந்தினார்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேகமான பூமுக்கு மட்டும் வாய் இன்னும் பின்தங்குகிறது. சனிக்கிழமைக்குள் அதையும் பார்த்துவிடுகிறேன்.