கடல் உப்பா, குப்பைச் சாறா? போர் தண்ணி பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம். கடலூர்ல கெடிலம் ஆத்துக்குப் பக்கம் இருக்கோம். வீட்டுலேர்ந்து முந்நூறு அடியில குப்பைமேடு. மழை விட்டா போதும், மேட்டடியில டிகாஷன் நிறத்துல தண்ணி கசிஞ்சு வாய்க்கால்ல இறங்குது, மேல எண்ணெய் மாதிரி பளபளன்னு. லீச்சேட்ங்கிறாங்களே, அதான்.

ஐப்பசியிலேர்ந்து எங்க போர் தண்ணியில சோறு வடிச்சா மஞ்சளிக்குது. லேப்ல கொடுத்தேன். டி.டி.எஸ். (தண்ணியில கரைஞ்சிருக்கிற மொத்த உப்பு) லிட்டருக்கு 1,900 மில்லிகிராம், குளோரைடு 780. "கடலோர ஊரு, உப்பு ஏறத்தான் செய்யும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. எனக்கு அது சமாதானமா இல்ல. கடல் தண்ணியில அம்மோனியா இல்லாத மாதிரிதான், லீச்சேட்ல எக்கச்சக்கமா இருக்கும். அதையும், சி.ஓ.டி.யையும் (தண்ணியில கரிம அழுக்கு எவ்வளவுன்னு காட்டுறது), பொட்டாசியத்தையும் பார்த்தாத்தானே வித்தியாசம் தெரியும்? அந்த மூணையும் அவங்க பார்க்கவே இல்ல.

2016 திடக்கழிவு விதிகள்ல குப்பைக் கிடங்கு எல்லையிலேர்ந்து 50 மீட்டருக்குள்ள நிலத்தடி நீரைக் கண்காணிக்கணும்னு இருந்துச்சு. நாங்க அதைத் தாண்டி இருக்கோம், நம்ம நேரம்!

கடலூர், புதுச்சேரியில இந்த மூணையும் சேர்த்துப் பார்க்கிற லேப் எது, எவ்வளவு ஆகும்? மேட்டுக்கு அந்தப் பக்கம், தண்ணி ஓட்டத்துக்கு மேல மாமா வீட்டுக் கிணறு இருக்கு. ஒப்பிட்டுப் பார்க்க அது போதுமா? மோட்டார் எவ்வளவு நேரம் ஓடவிட்டுப் பிடிக்கணும்? அம்மோனியாவுக்கு பாட்டில்ல ஆசிட் விடணுமாம், அதை லேப்லயே கொடுப்பாங்களா?

வாய்க்கால் தண்ணியும் ஒரு பாட்டில் பிடிக்கலாம்னு இருக்கேன். அடுத்த மழைக்குள்ள சொன்னீங்கன்னா நல்லது.