புதுப்பிப்பு: ஐப்பசியில் ஓமான், கடலோரம் முதலா மணல் முதலா?

ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பமாக ஓமான் போக, பாலைவனமா கடலோரமா முதலில் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

சரிவந்தது “கடலோரம் முதலில்” என்று பதில் போட்ட ஒரு அண்ணையின் யோசனை. மஸ்கட், குரியாத், வாதி ஷாப் (தண்ணீர் ஓடுகிற மலைப் பள்ளத்தாக்கு), சூர், ராஸ் அல் ஜின்ஸ் (ஆமைகள் முட்டையிட வாற கடற்கரை). பிறகு பிதியா மணற்பகுதி, இப்ரா வழியே திரும்பல். போன பாதையில் திரும்பத் தேவையில்லை. வாதி ஷாப்புக்கு வெள்ளி, சனி போகாதேங்கோ, அங்கே அவைதான் வார விடுமுறை. பள்ளத்தாக்கின் கடைசியில் இருக்கிற குகைக்கு நீந்தித்தான் போகலாம். போனுக்கு நீர்புகாப் பை கட்டாயம்.

மணலுக்கு 4x4 (நாலு சில்லும் இழுக்கிற வாகனம்) வேணும். ரயர்க் காற்றை 35 பிஎஸ்ஐயிலிருந்து 16–18க்குக் குறைத்தால் ரயர் அகன்று புதையாது. தார் றோட்டுக்கு ஏற முன்னம் திரும்ப நிரப்புங்கோ, இல்லாவிட்டால் ரயர் சூடாகி வெடிக்கலாம். வாடகை ஒப்பந்தத்தில் மணலோட்டத்துக்குக் காப்புறுதி இருக்கோ என்று முதலே பாருங்கோ. எங்கடையதில் இல்லை, அதனால் பிதியாவில் உள்ளூர்ச் சாரதியைப் பிடித்தோம்.

எதிர்பாராதவை: ஐந்தரை மணியளவில் பொழுதுபட்டுவிடும், மணல்மேட்டுக்கு நாலு மணிக்கே ஏறவேணும். ராஸ் அல் ஜின்ஸுக்கு ஆமைகள் மிகுதியாக வருவது ஜூன்–செப்ரெம்பரில். எங்களுக்கு இரவில் ஒன்றுதான் கிடைத்தது. அங்கே வலப்பக்க ஓட்டம், சுற்றுவட்டத்தில் இடப்பக்கத்தால் வாறவைக்கு வழிவிடவேணும். எங்கடை பழக்கத்துக்கு நேரெதிர், முதல் நாள் நகருக்குள் ஓடாதேங்கோ.