மறு: பாறை அடுக்குகளை இணைத்துக் காலம் சொல்வதற்கு என்ன சொல்?

எல்லோருக்கும் வணக்கம். ஓரிடத்துப் பாறை அடுக்கை இன்னோரிடத்து அடுக்கோடு இணைத்து வயது சொல்வதை ஆங்கிலத்தில் correlation என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு 'படுகை ஒப்பீடு', 'ஒப்புறவு' என்று இரண்டு சொற்களை முன்வைத்திருக்கிறார்கள், அதற்குத்தான் இந்தப் பதில்.

'படுகை ஒப்பீடு' வேண்டாம் என்பது என் கட்சி. நம் கும்பகோணம் பக்கம் படுகை என்றால் ஆற்றோரத்து வாழைக்கொல்லை. எண்ணெய்க் கிணறு வேலையில் இருக்கிறவர்களோ காவிரிப் படுகை என்று நரிமணம், குத்தாலம் அடியில் கிடக்கும் மொத்த வண்டலையும் சொல்கிறார்கள். மூன்றாவதாக ஒற்றைப் பாறை அடுக்குக்கும் அதே பெயரை வைத்தால் படிக்கிற பிள்ளைகள் பாவம். அடுக்கு என்றே இருக்கட்டும்.

ஒப்பீடும் சரிப்படாது, தோற்றம் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதல்ல இந்த வேலை. பிரிட்டனின் 'பழைய செம்மணற்கல்' (Old Red Sandstone) என்ற பாறைத்தொகுதி பார்வைக்கு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் சைலூரியன் கடைசியில் தொடங்கி கார்பனிஃபெரஸ் தொடக்கம் வரை இடத்துக்கு இடம் வயது மாறும் (சைலூரியன், டெவோனியன், கார்பனிஃபெரஸ் மூன்றும் இந்த வரிசையில் வந்த நிலவியல் காலங்கள்). அதே சமயம், ஒரே காலத்தில் கடலில் சுண்ணாம்புக்கல்லும் ஆற்றங்கரையில் சிவப்பு மணலும் படிந்திருக்கும். ஒன்றுக்கொன்று துளியும் ஒட்டாத இந்த இரண்டையும் ஒரே வயது என்று நிறுவுவதுதான் வேலையே.

தாடையில்லாத மீன்கள் உதவிக்கு வருவது இங்கேதான், குறிப்பாகத் தெலோடான்ட்டுகள். உடம்பு முழுக்கப் பொடிச் செதில், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மீன் செத்துத் தோல் அழுகியதும் எல்லாம் உதிர்ந்து சேற்றோடு சேர்ந்துவிடும். முழு மீன் அபூர்வம், செதில் ஏராளம். சுண்ணாம்புக்கல்லை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் ஊறப்போட்டால் கல் கரைந்து, பாஸ்பேட்டால் ஆன செதில் மிஞ்சும். அடியில் தங்கியதைக் கழுவிச் சலித்து, உருப்பெருக்கிக்கு அடியில் ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். ஒவ்வொரு செதிலிலும் மேலே பல் போலப் பளபளக்கும் முடி (மயிர் இல்லை, மகுடம்), நடுவில் கழுத்து, கீழே அடித்தளம். முடியில் ஓடும் வரிகளையும் உள்ளமைப்பையும் பார்த்து இனம் பிரிக்கிறார்கள். எஸ்டோனியாவின் சாரெமா தீவில் கிடைக்கும் ஃப்ளெபோலெபிஸ் எலிகன்ஸ் என்ற தெலோடான்ட் இனம் சைலூரியன் பின்பகுதிக்கு அடையாளம், டூரினியா பேஜி என்ற இனம் டெவோனியன் முற்பகுதிக்கு. வயது சொல்ல உதவும் இன்னொரு புதைபடிவமான கிராப்டோலைட்டுகள் (கூட்டமாக வாழ்ந்து அற்றுப்போன கடல் உயிரிகள்) கடலோடு நின்றுவிடும். இந்தச் செதில்களோ கடல் படிவிலும் கிடைக்கின்றன, ஆற்றுப் படிவிலும் கிடைக்கின்றன.

ஒரு சிக்கல் உண்டு. ஒரே மீனுக்குத் தலைச் செதில் ஒரு வடிவம், வால் செதில் இன்னொரு வடிவம். ஒற்றைச் செதிலை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, தொகுதியாகத்தான் பார்க்க வேண்டும். அதனால் காலத்தைச் சுட்டிக்காட்டும் செதிலுக்கு மன்னார்குடி அண்ணன் சொன்ன 'சுட்டுச் செதில்' எனக்கு உடன்பாடில்லை. 'சுட்டுச் செதில்தொகுதி' என்றால் சரி. தாடையில்லாத மீனுக்குச் சொன்ன 'தாடையிலி' அருமையாக இருக்கிறது, அதில் யாரும் கை வைக்காதீர்கள்.

என் முன்மொழிவு: பொருத்தம். கல்லின் தன்மையை வைத்து இணைத்தால் பாறைப் பொருத்தம், புதைபடிவத்தை வைத்து இணைத்தால் உயிர்ப் பொருத்தம், வயதே ஒன்று என்று காட்டினால் காலப் பொருத்தம். ஜாதகம் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருவர் கிண்டல் செய்தார், செய்யட்டும். 'சாரெமா அடுக்கை வேல்ஸ் அடுக்கோடு பொருத்தினார்கள்' என்று வினையாகவும் வரும். 'ஒப்புறவு' வைத்து இப்படி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், நொண்டும்.

அரியலூரில் இந்த மீன்களைத் தேடலாமா என்று கேட்ட தம்பிக்கு: கிடைக்காது. தெலோடான்ட்டுகள் டெவோனியன் முடிவதற்குள், அதாவது சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, அற்றுப்போயின. அரியலூர்ப் பாறைகள் வெகு பின்னால் வந்த கிரெட்டேசியஸ் காலத்தவை, பழையதே சுமார் 10 கோடி ஆண்டு சொச்சம்தான். அங்கே அம்மோனைட்டுகள் (சுருள் ஓடு கொண்ட, அற்றுப்போன கடல் உயிரிகள்) இருக்கின்றன. டெல்டாவுக்கு அடியில் ஃபோரமினிஃபெரா என்ற நுண்ணுயிரிகளின் ஓடுகளை வைத்து ஒரு கிணற்று அடுக்கை இன்னொன்றோடு பொருத்துகிறார்கள். நாம் வைக்கிற சொல் அந்த வேலைக்கும் பயன்பட வேண்டும்.

குறிப்பிட்ட புதைபடிவம் கிடைக்கும் அடுக்குப் பகுதிக்கு (zone) பட்டியலில் உள்ள 'மண்டலம்' மட்டும் எனக்கு இன்னும் இடிக்கிறது. அது பரப்பைச் சொல்கிற சொல், இங்கே வேண்டியது கீழிருந்து மேலாக ஒரு தடிமன். வேறு சொல் இருந்தால் போடுங்கள், பட்டியலை அதற்கப்புறம் ஏற்றலாம்.