விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சு, அப்பாவோட பழைய பிசிய தூக்கிப் போடணுமா?

தெம்பனீஸ்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாகிட்ட ஒரு டெஸ்க்டாப் இருக்கு, இண்டெல் ஐ5 ஆறாவது ஜெனரேஷன், 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி பின்னாடி நானே போட்டது. இன்னிக்கும் நல்லா ஓடுது. ஆனா விண்டோஸ் 10க்கு போன அக்டோபர் 14, 2025ஓட அப்டேட் நின்னு போச்சுல்ல, இப்ப தொறந்தாலே அந்த முழுப் பக்க மெசேஜ் வருது, அப்பா பயந்துட்டு வைரஸ் வந்துருச்சான்னு எனக்கு போன் பண்றாரு. விண்டோஸ் 11 போடலாம்னு பாத்தா இந்த மெஷின் தகுதி இல்லைன்னு சொல்லுது. கடையில கேட்டா புதுசு வாங்குங்கன்னு தான் சொல்றாங்க, அவங்க வேற என்ன சொல்வாங்க. 900 வெள்ளி குடுத்து புதுசு வாங்குறது பிரச்சினை இல்ல, அவருக்கு அது பிடிக்காது, அதான்.

அவர் பண்றது ரெண்டே வேலை. யூடியூப் பாப்பாரு, தமிழ்ல டைப் பண்ணுவாரு. ரிட்டையர்ட் தமிழ் வாத்தியார், மேடை நாடகம் எல்லாம் எழுதுனவரு, அந்த ஃபைல் எல்லாம் 90கள்ல இருந்து ஒவ்வொரு பிசியா மாறி மாறி இதுல வந்து உக்காந்திருக்கு. லீவுல அக்கா பையன் வந்தா வேலோரண்ட் விளையாடுவான், அது ஒண்ணு.

டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் இல்லாததுனால தான் 11 போக மாட்டேங்குதா? பயாஸ்ல, அதான் பிசி ஆன் ஆகறப்ப வர்ற அடிப்படை செட்டிங்ஸ்ல, எதாவது ஆன் பண்ணா சரியாகுமா? விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ்னு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கே, அதைப் போடலாமா? யாராவது சொல்லுங்க.

ஜூரோங்_வெஸ்ட்_ராஜா:
பயாஸ்ல போய் பிடிடின்னு ஒண்ணு இருக்கும், அதை ஆன் பண்ணா டிபிஎம் 2.0 வந்துரும், ஆறாவது ஜெனரேஷன்லயே பெரும்பாலும் அது உண்டு. ஆனா உங்க கேஸ்ல அது உதவாது ப்ரோ. 11க்கு இண்டெல்னா எட்டாவது ஜெனரேஷன்ல இருந்து தான் லிஸ்ட்ல வரும், உங்களுது ஆறாவது. எல்லாரும் டிபிஎம் டிபிஎம்னு பேசி அந்த சிபியு (பிராசஸர்) லிஸ்ட மறந்துடறாங்க.

ரூஃபஸ்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கு, அதுல யூஎஸ்பி பண்ணா அந்த செக்கிங் எல்லாம் தாண்டி 11 இன்ஸ்டால் ஆயிரும். நான் என் மெஷின்ல அப்படித்தான் ஓட்டறேன். ஆனா சப்போர்ட் இல்லாத ஹார்டுவேருக்கு அப்டேட் கிடைக்கும்னு மைக்ரோசாப்ட் உத்தரவாதம் தரல, அதனால வயசானவங்க மெஷினுக்கு நான் சொல்ல மாட்டேன், நாளைக்கு எதாவது நின்னா நடு ராத்திரில உங்களுக்குத்தான் போன் வரும்.

இப்போதைக்கு ஈஎஸ்யு எடுங்க, விண்டோஸ் 10க்கு நீட்டிச்சுத் தர்ற செக்யூரிட்டி அப்டேட் திட்டம் அது. 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும். 30 அமெரிக்க டாலர், ஆனா செட்டிங்ஸ ஒன்டிரைவ்ல பேக்கப் பண்ண ஒத்துக்கிட்டா காசே இல்ல. மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் கண்டிப்பா வேணும், லோக்கல் அக்கவுண்ட் மட்டும் வச்சிருந்தா நடக்காது. செட்டிங்ஸ்ல அப்டேட் பக்கத்துல போனா என்ரோல்னு ஒரு லிங்க் தெரியும், 22எச்2 வெர்ஷன் இருந்தா தான் காட்டும்.

ராத்திரி_கேமர்:
வேலோரண்ட்னு சொன்னீங்கல்ல, அப்ப லினக்ஸ மறந்துருங்க. அதுல வாங்கார்டுன்னு ஒரு ஆன்ட்டி சீட் (கேம்ல ஏமாத்தறவங்கள பிடிக்கறது) இருக்கு, கெர்னல் லெவல்ல, அதான் விண்டோஸோட அடி ஆழத்துல போய் உக்காரும், அது லினக்ஸ்ல ஓடவே ஓடாது. ஃபோர்ட்நைட்டும் அதே கதை, ஏபெக்ஸ் கூட 2024ல லினக்ஸ கதவச் சாத்திருச்சு. மத்தபடி ஸ்டீம்ல இருக்கற தனியா விளையாடற கேம் பாதிக்கு மேல சும்மா பிச்சுக்கிட்டு ஓடும், ஸ்டீம் கம்பெனி வால்வ் 2018ல விண்டோஸ் கேம லினக்ஸ்ல ஓட்டற புரோட்டான் விட்டதுல இருந்து நிலைமை மாறிருச்சு, அவங்க கையடக்க கேம் மெஷின் ஸ்டீம் டெக்கே லினக்ஸ் தான். பிரச்சினை இந்த ஆன்லைன் போட்டி கேம் மட்டும் தான்.

அதுவும் ஆறாவது ஜெனரேஷன் ஐ5ல எந்த கிராபிக்ஸ் கார்டு வச்சு ஆடறான் தம்பி, ஃபிரேம் ரேட்ட நெனச்சா எனக்கே பாவமா இருக்கு.

புங்கோல்_பெங்குவின்:
லினக்ஸ்லயே மின்ட்னு ஒரு வகை இருக்கு, அதைப் போடுங்க, கண்ண மூடிட்டு. எங்க அம்மா அதுல தான் இருக்காங்க, அவங்களுக்கு அது விண்டோஸ் இல்லைன்னே தெரியாது, கீழ இடது பக்கம் மெனு இருக்கு, ஃபயர்ஃபாக்ஸ் இருக்கு, யூடியூப் ஓடுது, அவ்வளவு தான் வேணும். மின்ட் 22க்கு 2029 வரைக்கும் சப்போர்ட் இருக்கு. 8 ஜிபி தாராளம். அரசாங்க லாகினுக்கான சிங்பாஸ், பேங்க் டோக்கன் எல்லாம் நம்ம சிங்கப்பூர்ல எப்படியும் போன்ல தான், அதனால பிசி எதுவா இருந்தா என்ன.

தமிழ் டைப்பிங்கும் பிரச்சினை இல்ல. ஐபஸ் எம்17என்னு ஒரு பேக்கேஜ் போட்டா தமிழ்99, ஃபோனெட்டிக், பழைய டைப்ரைட்டர் லேஅவுட் எல்லாமே வரும். அப்பா எதுல அடிப்பாருன்னு கேட்டு சொல்லுங்க.

பழைய_கீபோர்டு:
தம்பி, எல்லாரும் விண்டோஸப் பத்தியே பேசிட்டிருக்காங்க. நீங்க நடுவுல போற போக்குல ஒண்ணு சொன்னீங்களே, 90கள்ல இருந்து இருக்கற நாடக ஃபைல்னு. எனக்கு அங்கதான் வயித்தக் கலக்குது. மெஷின் என்ன ஆனா என்ன. அந்த ஃபைல் எல்லாம் எந்த எழுத்துருவுல இருக்கு?

ஏன் கேக்கறேன்னா, அப்ப யூனிகோட்ல, அதான் எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவா நம்பர் வைக்கற தரத்துல, யாரும் அடிக்கல. அந்தத் தரத்துல தமிழுக்கு 1991லயே இடம் குடுத்துட்டாங்க, ஆனா விண்டோஸ் 2000 வந்தப்ப தான் லதா ஃபாண்ட்டோட தமிழ் உள்ளயே வந்துச்சு, அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் ஆளுங்க பழைய முறையிலயே தான் அடிச்சாங்க. பழைய முறைன்னா, ஒரு ஃபாண்ட்ல மொத்தம் 256 இடம். எந்த எழுத்து எந்த இடத்துலன்னு வகுக்கறது தான் குறிமுறை, டிஸ்கின்னு ஒண்ணு இருந்துச்சு, அது மாதிரி முறையில முதல் பாதி இங்கிலீஷுக்கு, மீதி பாதியில தமிழ். நமக்கு 247 எழுத்து, அது அந்த பாதிக்குள்ள எங்க அடங்கும், அதனால துண்டு துண்டா வச்சாங்க. "கொ"ன்னு திரையில தெரியறது உள்ள மூணு துண்டு: முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோட்ல க முதல்ல, உயிர்க்குறி பின்னாடி. ரெண்டும் வேற வேற உலகம். இதுல ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு துண்ட வச்சுட்டாங்க, கேக்க ஆள் இல்ல.

அப்போ இது நம்ம ஊர்ல பெரிய பேச்சு. நா. கோவிந்தசாமி ஐயா கணியன்னு தமிழ் இணைய மென்பொருள் பண்ணிட்டிருந்த காலம், 1995ல நம்ம நாட்டுக் கவிதைகள நாலு மொழியிலயும் இணையத்துல போட்டப்ப தமிழும் ஏறுச்சு, 1997ல தமிழ்நெட் மாநாடே இங்க என்யுஎஸ் பல்கலைக்கழகத்துல தான் நடந்துச்சு. ஆளாளுக்கு ஒரு குறிமுறை வச்சிருந்தா எப்படின்னு அடிச்சுக்கிட்டதுல தான் டிஸ்கி வந்துச்சு, தமிழ்நாட்டு அரசு 1999ல டேப், டேம்னு ரெண்டு குறிமுறைய அறிவிச்சுது. உங்க அப்பா வாத்தியாரா இருந்தவர்னா இதெல்லாம் அவருக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும், கேட்டுப் பாருங்க.

விஷயம் இதுதான். அந்த ஃபைல் அந்த மெஷின்ல மட்டும் தமிழா தெரியுது, ஏன்னா ஃபாண்ட் அந்த மெஷின்ல இருக்கு. டிஸ்க்க அழிச்சிட்டு மின்ட் போட்டீங்கன்னா, இல்ல புதுசு வாங்கி ஃபைல மட்டும் காப்பி பண்ணீங்கன்னா, தொறந்தா வெறும் கிறுக்கல். ஃபைல் இருக்கும், படிக்க முடியாது. அதனால எந்த ஆபரேட்டிங் சிஸ்டம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபாண்ட்ஸ்னு இருக்கும், அதை அப்படியே ஒரு வெளி டிரைவ்ல எடுத்து வைங்க. அந்த டைப்பிங் சாஃப்ட்வேரோட இன்ஸ்டால் ஃபைல் இருந்தா அதையும்.

ராத்திரி_கேமர்:
அண்ணே இதுக்கு எதுக்கு இவ்வளவு? எல்லாத்தையும் பிடிஎஃப் ஆக்கிட்டு ஏஐகிட்ட குடுத்தா டைப் பண்ணித் தந்துரும், இப்ப தமிழ் நல்லாவே படிக்குது.

பழைய_கீபோர்டு:
பிடிஎஃப் பண்றது நல்லதுதான், பண்ணுங்க, ஃபாண்ட் உள்ளயே ஒட்டிக்கும், எந்த மெஷின்ல தொறந்தாலும் அப்பா அடிச்ச மாதிரியே தெரியும், பிரிண்ட் எடுக்கலாம். ஆனா அதுல ஒரு வார்த்தைய தேட முடியாது, காப்பி பண்ணி ஒட்டினா திரும்ப கிறுக்கல் தான்.

ஏஐ படிக்கும், நான் இல்லைன்னு சொல்லல. கடைச் சீட்டு, கடிதம் இதெல்லாம் ஓகே. நாடகம்னா அதுல தேக்கா மார்க்கெட்காரர் பேசற பேச்சு, தோட்டத்துல இருந்து வந்த கிழவி பேசற பேச்சு எல்லாம் இருக்கும், நடுவுல மலாய் வார்த்தை வரும். ஏஐ அதை "திருத்தி" குடுத்துரும், படிக்க சுத்தமா இருக்கும், எங்க மாத்துச்சுன்னே தெரியாது. ஏஐ சிங்கப்பூர் அமைப்பு பண்ற சீ-லயன்ங்கற ஏஐல கூட தமிழ் இருக்கு, ஆனா நம்ம ஊர் வீட்டுப் பேச்சு எழுத்துல எவ்வளவு கிடைச்சிருக்கும் அதுக்கு? ஸ்கேன் பண்ண தாள் மட்டும் தான் மிச்சம்னா வேற வழி இல்ல. உங்ககிட்ட ஃபைலே இருக்கறப்ப எழுத்துக்கு எழுத்து மாத்தற கன்வர்ட்டர் இருக்கு, அது எதையும் ஊகிக்காது. என்எச்எம் கன்வர்ட்டர், இல்லைன்னா பொங்குதமிழ் மாற்றி. டெக்ஸ்ட்ட ஒட்டி, எந்த குறிமுறைன்னு தேர்ந்தெடுத்தா யூனிகோட்ல வந்துரும்.

நல்லூரான்:
நான் சிங்கப்பூருக்கு வந்து கனகாலம், ஆனா எங்கட வீட்டு ஃபைல் எல்லாம் பாமினி எண்ட பழைய ஃபாண்ட்டில தான் கிடக்கு. அது இன்னும் கரைச்சல். டிஸ்கியில இங்கிலீஷ் எழுத்து இருக்கிற இடத்தில இங்கிலீஷ் தான் இருக்கும், பாமினி அப்பிடி இல்ல, இங்கிலீஷ் எழுத்துக்கு மேலயே தமிழைப் போட்டிருப்பாங்கள். ஃபாண்ட் இல்லாமத் திறந்தா "தமிழ்" எண்ட சொல் ஜே கே பி ஓ, பிறகு ஒரு செமிகோலன் எண்டு தெரியும். எனக்கு இப்ப அதை ஃபாண்ட் இல்லாமலே வாசிக்க வரும், பெருமைப்பட ஒண்டுமில்லை.

ஏன் சொல்லுறன் எண்டா, அப்பாவின்ர ஃபைலுக்குள்ள நடுவில இங்கிலீஷ் சொல் இருந்தா, அது பாமினி வகை ஃபாண்ட் எண்டா, கன்வர்ட்டர் அந்த இங்கிலீஷையும் சேத்துத் தமிழாக்கிப் போடும், பார்க்கச் சிரிப்பா இருக்கும். முழு ஃபைலையும் ஒரே அடியா மாத்தாம பந்தி பந்தியா மாத்துங்கோ. முக்கியமா பழைய ஃபைலை அழிக்க வேண்டாம்.

புங்கோல்_பெங்குவின்:
ஃபாண்ட் விஷயம் நான் யோசிக்கவே இல்ல, அம்மா டைப்பே பண்ண மாட்டாங்க. சரி, அப்ப என் ஓட்டு இப்படி: அந்த மெஷின அழிக்க வேண்டாம். ஈஎஸ்யு எடுத்து வச்சுட்டு ஃபைல் வேலைய மொதல்ல முடிங்க, அடுத்த அக்டோபர் வரைக்கும் டைம் இருக்கு. முடிஞ்சப்புறம் மின்ட்டா புதுசான்னு சண்டை போடலாம். பிசிய கடாசணும்னு முடிவானா கூட டிஸ்க்க கழட்டிட்டு மின்கழிவுல போடுங்க.

இல்லைன்னா நெட்ட பிடுங்கிட்டு டைப்பிங்குக்கு மட்டும் வச்சுக்கலாம். ஃபைல பூட்டிட்டு காசு கேட்ட வன்னாக்ரை வைரஸ் ஞாபகம் இருக்கா, 2017 மே மாசம், அதைத் தடுக்கற பேட்ச் (ஓட்டைய அடைக்கற அப்டேட்) மார்ச்லயே வந்துருச்சு, போடாம விட்ட மெஷின் தான் மாட்டுச்சு. நெட்ல இருக்கற மெஷினுக்கு பேட்ச் வராம போறது தான் பயம், நெட்டே இல்லைன்னா அவ்வளவு கவலை இல்ல. யூடியூப் டிவில பாத்துக்கட்டும்.

தெம்பனீஸ்_தம்பி:
அடடா, நான் கேட்டது ஒண்ணு, வந்தது வேற. எல்லாருக்கும் நன்றிங்க.

ஈஎஸ்யு எடுத்துட்டேன், காசு கேக்கல. அப்பாகிட்ட ஃபாண்ட் பத்தி கேட்டா ஒரு மணி நேரம் க்ளாஸ் எடுத்துட்டாரு, பழைய_கீபோர்டு அண்ணே சொன்ன அதே கதை, அந்த 97 மாநாட்டுக்கு வேற போயிருக்காராம், எனக்கு இத்தனை வருஷமா சொன்னதே இல்ல. அவர் சொல்றபடி பாத்தா பழசு ஒரு ஃபாண்ட்ல, 2000க்கு அப்புறம் எழுதுனது வேற ஃபாண்ட்ல. ஒரு நாடகத்த சும்மா கன்வர்ட் பண்ணிப் பாத்தேன், தொண்ணூறு பர்சென்ட் ஓகே, சில இடத்துல "கெளரவம்"னு வருது, பாக்க சரியாத்தான் இருக்கு ஆனா தேடினா கிடைக்க மாட்டேங்குது. அது ஏன்?

அக்கா பையன் கிராபிக்ஸ் கார்டு பத்தி கேட்ட கேமர் அண்ணனுக்கு: கார்டே இல்ல. ஆன்போர்டு தான்.

ராத்திரி_கேமர்:
அந்தப் புள்ளைக்கு என் வணக்கத்த சொல்லுங்க.

பழைய_கீபோர்டு:
அது பழைய வியாதி. ஔகாரத்துக்கு பின்னாடி வர்ற குறியும் "ள" எழுத்தும் பாக்க ஒண்ணு தானே, பழைய ஃபாண்ட்ல ரெண்டுக்கும் ஒரே துண்ட வச்சு ஓட்டிட்டாங்க. கன்வர்ட்டருக்கு அது "கௌ"வா "கெள"வான்னு தெரியாது. இணையத்துல பாதிப் பேரு "கெளரவம்"னு தான் வச்சிருக்காங்க, இதுல இருந்து வந்தது தான்.

மாத்தி முடிச்ச ஃபைல்ல கொம்பு பக்கத்துல ள வர்ற இடத்த எல்லாம் தேடுங்க. மொத்தமா ரீப்ளேஸ் பண்ணிடாதீங்க, "தெளிவு", "வெள்ளி", "கெளுத்தி" எல்லாம் நாசமாயிரும். ஒவ்வொண்ணா பாத்து மாத்துங்க, கௌ, சௌ, மௌ, பௌ, யௌ இப்படி கொஞ்சம் சொல் தான் இருக்கும். அப்பாவ பக்கத்துல உக்கார வச்சுக்குங்க, அவருக்கு அவர் எழுதுனது ஞாபகம் இருக்கும்.

அந்த ரெண்டாவது ஃபாண்ட் பேரு என்ன? டாகுமெண்ட்ல வரிய செலக்ட் பண்ணா மேல பெட்டியில காட்டும், அதை போட்டோ எடுத்துப் போடுங்க. பேரத் தெரிஞ்சா எந்த குறிமுறைன்னு சொல்லிருவேன். அடைப்புக்குள்ள எதாவது எழுத்து இருந்தா அதையும் விடாம எடுங்க.