உரக் கழிவறையைச் சமூகக் கலைப்பணியாகக் கட்டலாமா?

தோட்டக்காரி:
கிராஞ்சிப் பகுதியில் தோட்டவேலை செய்யும் எங்கள் குழுவினர், வாடகைக்கு எடுக்கும் நடமாடும் கழிவறைக்குப் பதிலாக, தண்ணீர் ஊற்றாமல் மலத்தை மட்கவைத்து உரமாக்கும் உரக் கழிவறை ஒன்றைக் கட்டி, அதன் சுவர்களில் மாணவர்களும் முதியவர்களும் சேர்ந்து உடைந்த ஓடுகளைப் பதிக்கலாம் என்று விரும்புகிறார்கள். நியூசிலாந்தின் காவாகாவாவில் ஓவியர் ஹுண்டர்ட்வாஸர் வடிவமைத்து 1999இல் திறக்கப்பட்ட பொதுக் கழிவறையே இந்த ஓட்டு வேலைக்கு அவர்களுக்கு முன்மாதிரி. தண்ணீரால் கழுவும் பழக்கமுள்ள நமக்கு இது ஒத்துவருமா? சிங்கப்பூரின் ஈரக்காற்றில் நாற்றமின்றி இயங்குமா?

முசிறிக்காரன்:
ஒத்துவரும். திருச்சி மாவட்டத்து முசிறியில் இத்தகைய சமூகக் கழிவறைகள் கட்டப்பட்டிருக்கின்றன. கீழேயுள்ள தொட்டிக்குள் மலம் விழ ஒரு துளை, சிறுநீர் வடிய முன்புறம் ஒரு பள்ளம், கழுவிக்கொள்ளத் தனியிடம் என்று மூன்றையும் பிரித்துவிடுவதே இந்த அமைப்பின் உயிர்நாடி. கழுவிய நீர் மணலும் சரளையும் நிரப்பிய செடிப்பாத்திக்குப் போகும். மலத்தின் மீது ஒவ்வொரு முறையும் சாம்பலைத் தூவ வேண்டும். சிறுநீரும் நீரும் தொட்டிக்குள் கலந்தால்தான் நாற்றமும் ஈயும் பெருகும். ஆகவே, ஓவியர்களின் திறமையை வெளிச்சுவரோடு நிறுத்திவிடாமல், எங்கே உட்கார்ந்து எங்கே நகர்ந்து கழுவ வேண்டும் என்பதை உட்சுவரில் படமாக வரையச் சொல்லுங்கள். நான்கு மொழிகளில் எழுதிய அறிவிப்பை, அவசரமாக வருபவர் யார் படிக்கிறார்?

பழைய பொங்கோல்:
மலத்தை வாளியில் சேர்த்து ஆட்கள் எடுத்துச் செல்லும் வாளிக் கழிவறை முறை இந்தத் தீவில் 1987ஆம் ஆண்டு ஜனவரியில்தான் முற்றிலும் நின்றது. லோரோங் ஹாலுஸில் இருந்த மலக்கழிவு நிலையத்தை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் ஓடு பதிக்க மகிழ்ச்சியோடு வருவார்களா என்பது எனக்கு ஐயமே. அதைவிடப் பெரிய கேள்வி, மாறிமாறிப் பயன்படுத்தும் இரண்டு தொட்டிகளில் ஒன்று நிரம்பியதும் அதை மூடி மற்றொன்றைத் திறப்பதும், பின்னர் உரத்தை அள்ளுவதும் யார் பொறுப்பு என்பதாகும். மலத்தில் இருக்கக்கூடிய உருண்டைப்புழு என்ற குடற்புழுவின் முட்டைகள் எளிதில் சாவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, நம்மைப் போன்ற 20 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், புதிதாக எதையும் சேர்க்காமல் ஓராண்டுக்கும் மேலாக மூடி வைக்க வேண்டும். உரத்தைக் கீரைப்பாத்தியில் இடாமல் பழமரங்களுக்கு இடுவதே நல்லது. சுவருக்கு ஓடு வாங்கும் முன்பே பொதுப் பயனீட்டுக் கழகத்திடமும் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடமும் அனுமதி கேட்டுவிடுங்கள்.

தோட்டக்காரி:
இருவருக்கும் நன்றி. ஓடு பதிக்கப் பெயர் கொடுத்தவர்களில் பலர் தொட்டி வேலை என்றதும் பின்வாங்குகிறார்கள்; பொறுப்பாளர் கிடைக்கும்வரை சுவரைத் தொடுவதில்லை என்று முடிவுசெய்திருக்கிறோம். விறகு எரிக்காத இவ்வூரில் சாம்பலுக்கு எங்கே போவது? மரத்தூள் மட்டும் போதுமா?

முசிறிக்காரன்:
மரத்தூள் ஈரத்தை உறிஞ்சும். ஆனால் கிருமிகளைக் கட்டுப்படுத்தும் சாம்பலின் காரத்தன்மை அதற்கு இல்லை. மரத்தூளுடன் சிறிது சுண்ணாம்புத் தூளைக் கலந்து, மூடியுள்ள வாளியில் நனையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.