பிடித்த பி.எஃப். பணம் கணக்கில் ஏறவில்லை: வழி சொல்லுங்கள்

ஒரகடத்தில் உள்ள ஒரு பெரிய பார்சல் நிறுவனத்தின் கிடங்கில், ஒப்பந்ததாரர் மூலமாக, 2023 ஜூன் முதல் 2024 டிசம்பர் வரை இரவுப் பணியில் பொட்டலங்களைப் பின்கோடு வாரியாகப் பிரித்து லாரியில் ஏற்றும் வேலை பார்த்தேன். மாதந்தோறும் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் வருங்கால வைப்பு நிதிக்கெனப் பிடிக்கப்பட்டது சம்பளச் சீட்டில் தெளிவாக இருக்கிறது, ஆனால் யு.ஏ.என். (உறுப்பினரின் நிரந்தர வைப்பு நிதி எண்) பாஸ்புக்கில் 2024 மார்ச்சுக்குப் பிறகு ஒரு ரூபாய்கூட வரவாகவில்லை.

ஒப்பந்ததாரரின் தொலைபேசி அணைந்து கிடக்கிறது. கிடங்கின் மனிதவளப் பிரிவோ, நான் தங்கள் ஊழியரே இல்லை என்று கைவிரித்துவிட்டது. கன்வேயரில் ஒரு பெட்டி சிக்கிக்கொண்டால் விசாரிக்க உடனே ஆள் ஓடிவரும் அதே இடத்தில், இதை விசாரிக்க எவரும் இல்லை. வருங்கால வைப்பு நிதி அமைப்பான இ.பி.எஃப்.ஓ.வின் குறைதீர் தளத்தில் ஒப்பந்ததாரர் பெயரில் அளித்த புகாரும் தீர்வின்றி முடித்துவைக்கப்பட்டது.

1952ஆம் ஆண்டு வைப்பு நிதித் திட்டத்தின்படி, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான பங்களிப்புக்கு முதன்மை வேலையளிப்பவரும் (ஒப்பந்ததாரர் மூலம் ஆள் வைத்து வேலை வாங்கும் நிறுவனமும்) பொறுப்பு என்பதை அறிவேன். என்னிடம் சம்பளச் சீட்டுகள், வங்கி அறிக்கை, நிறுவனப் பெயர் பொறித்த நுழைவு அட்டை ஆகியவை உள்ளன.

இச்சான்றுகளைக் கொண்டு பார்சல் நிறுவனத்தையே பொறுப்பாளியாக்கிப் புகார் அளிப்பது எப்படி?