அம்மாவின் மார்பகச் சத்திரசிகிச்சை: அனுபவமுள்ளவர்களிடம் சில கேள்விகள்

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் எங்களுடன் வசிக்கும் என் அம்மாவுக்கு இடது மார்பில் உள்ள 2 சென்ரிமீற்றர் கட்டி புற்றுநோய்தான் என்று ஊசிப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. கட்டியை மட்டும் அகற்றிப் பின்னர் கதிர்ச்சிகிச்சை பெறலாம், அல்லது மார்பகத்தை முழுமையாக அகற்றலாம் என்று விளக்கிய வைத்தியர், முடிவை எங்களிடமே விட்டிருக்கிறார்.

அமெரிக்காவிலும் இத்தாலியிலும் நோயாளிகளை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2002இல் வெளியான ஆய்வுகளின்படி, உயிர்பிழைக்கும் வாய்ப்பு இரண்டு வழிகளிலும் ஒன்றே. மார்பகத்தைக் காத்தால் அதே இடத்தில் நோய் மீளும் வாய்ப்பு மட்டும் சற்றுக் கூடுதல். ஆகவே, பயத்தினால் முழுவதையும் அகற்ற வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அம்மாவோ, "இந்த வயதில் இருந்தென்ன, எடுத்துவிடட்டும்" என்கிறார். அது அவருடைய விருப்பமா, கதிர்ச்சிகிச்சைக்காக வாரக்கணக்கில் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அலைந்து பிள்ளைகளைச் சிரமப்படுத்தக் கூடாதென்ற நினைப்பா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. (தனக்குக் காய்ச்சல் என்பதைக்கூட மறைப்பவர் அவர்.)

மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் கதிர்ச்சிகிச்சை பெற்றவர்கள், காத்திருப்பும் களைப்பும் எவ்வாறு இருந்தன என்று கூறுவீர்களா? அக்குளில், நோய் பரவினால் முதலில் சென்றடையும் நிணநீர்க்கணுவை மட்டும் எடுத்துச் சோதித்தால் பின்னாளில் கைவீக்கம் வரும் வாய்ப்புக் குறையும் என்கிறார்கள். அதைப் பற்றி வைத்தியரிடம் எப்போது கேட்பது நல்லது? சத்திரசிகிச்சைக் காயத்தில் நீர் வடிய வைக்கும் வடிகுழாயுடன் வீடு திரும்பியவர்கள் அதைச் சேலைக்குள் எப்படிச் சமாளித்தீர்கள், முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைதான் வசதியா என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.